அடுப்பை எண்ணிய மகள்

1

போன திங்கட்கிழமை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் அடையாள அட்டை சிவப்பு நிறம். நீல அட்டை வைத்திருப்பவர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள். சிவப்பு அட்டைக்காரர்கள் இங்கே இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஊருக்குப் போவதென்றால், திரும்பி உள்ளே வருவதற்கான அனுமதியைப் போவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்காமல் கப்பல் ஏறிவிட்டு, திரும்ப முடியாமல் நாகப்பட்டினத்திலேயே தங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அனுமதி கொடுக்கும் இடத்தில் இருந்த மலாய்க்கார இளைஞன் எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருப்பவன். என்னைப் 'பாச்சிக்' என்று கூப்பிடுவான். மாமா என்று அர்த்தம். என் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டான்:

"போன தடவை மகளைக் கூட்டிவரப் போகிறேன் என்று சொன்னீர்களே பாச்சிக், கூட்டி வந்தீர்களா?"

"இல்லை."

"இந்தத் தடவை எதற்குப் போகிறீர்கள்?"

எனக்குத் தெரிந்த மலாய், மரத்துக்கும் ஆணிக்கும் கூலிக்கும் போதும். இந்தக் கேள்விக்குப் போதவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் உடனே பதில் வந்திருக்காது. என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னான். அங்கே உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கண்டரமாணிக்கத்தில் மரவேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் எல்லாருக்கும் கை ஓடியது, எனக்குக் கால்தான் ஓடியது. பதினைந்து வயதில் ரங்கூன் போனேன். சண்டை வந்தபோது அங்கிருந்து நடந்து வந்தவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடக்க முடிந்தவர்கள் வந்து சேர்ந்தோம். ஊரில் கல்யாணம் செய்து வைத்தார்கள். பிறகும் கால் நிற்கவில்லை. பினாங்கு, கெடாவில் ஒரு மரஅறுவை ஆலை, சிங்கப்பூர்த் துறைமுகம், மறுபடி பினாங்கு. கடைசியில் சீனர் ஒருவரின் படகுப் பட்டறையில் நின்றேன். என் மனைவி பாக்கியம் பின்னால் வந்து சேர்ந்தாள். இந்திராணி இங்கே பிறந்தாள். ஒரே பிள்ளை.

குடியுரிமைக்கும் மனுப்போட்டுப் பார்த்தேன். மலாயில் பேசச் சொல்லிச் சோதிப்பார்கள். எத்தனை பிள்ளைகள் என்று அதிகாரி கேட்டார். 'சத்து ஏக்கோர்' என்றேன். சத்து என்றால் ஒன்று. ஏக்கோர் என்பது ஆடு, மாடு, கோழியை எண்ணும்போது சொல்வது. மனிதர்களுக்கு வேறு சொல் உண்டு. பட்டறையில் நாங்கள் எல்லாவற்றையும் ஏக்கோர் என்றுதான் எண்ணுவோம். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "உன் மகள் எத்தனை முட்டை இடுவாள்?" என்று கேட்டு, இன்னும் படித்துவிட்டு வரச் சொன்னார். அதன் பிறகு நான் போகவில்லை.

இந்திராணியைக் காலேஜுக்கு மதுரைக்கு அனுப்பினோம். இங்கே இடம் கிடைப்பதும் கஷ்டம், செலவும் கூடுதல். மூன்று வருடத்தில் பி.ஏ. முடித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று இருந்தோம். முடித்ததும், சமூகப் பணியில் எம்.ஏ. படிக்கப் போகிறேன், இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று எழுதினாள். அது என்ன படிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. விசாரித்தேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டத்தைக் கேட்டு உதவி செய்யும் வேலைக்கு அந்தப் படிப்புக்காரர்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கே இருந்த மேட்ரன் அம்மாவே, "பட்டத்தோடு வரட்டும், பார்க்கலாம்" என்றார். அதை வேலை கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

சீன முதலாளி, எங்கள் தவுக்கே, கேட்டார்: "உன் மகள் டாக்டரா?"

"இல்லை தவுக்கே. வீடு வீடாகப் போய்க் கஷ்டத்தைக் கேட்டு எழுதுகிற படிப்பு."

"எழுதினால் கஷ்டம் தீர்ந்துவிடுமா?"

"இரண்டாம் வருடத்தில்தான் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள் போல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இரண்டாம் வருடத்தில்தான் வினை வந்தது.

3

படிப்பில் பாதி, வகுப்புக்கு வெளியே. மாணவர்களை ஊர்களுக்கு அனுப்புவார்கள். இந்திராணியையும் இன்னும் இரண்டு பெண்களையும் காரைக்குடியில் ஒரு மாதர் சங்கக் கட்டடத்தில் தங்க வைத்து, சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போகச் சொன்னார்கள். அவள் பங்குக்கு வந்தது நேமத்தான்பட்டி. அப்பா ஊருக்குப் பக்கம் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அங்கே ஒரு செட்டியார் வீடு. உள்ளே இரண்டாம் கட்டு முற்றத்தில், புதிதாகக் கல்யாணமாகி வந்த உமையாள் என்ற பெண், தனியாக ஒரு சின்ன அடுப்பில் தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி வேகவைத்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி மாமியார் இன்னொரு அடுப்பில் தன் சமையலைச் செய்துகொண்டிருந்தார். புருஷனுக்குச் சென்னையில் வேலை. உமையாளின் கண் சிவந்திருந்தது. "ஏன் தனியாகச் சமைக்கிறீர்கள்?" என்று இந்திராணி கேட்டிருக்கிறாள். "வேறு வச்சுட்டாக" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதிருக்கிறாள்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். செட்டியார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் போனதும், அந்தத் தம்பதிக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துவிடுவார்கள். இதற்குத்தான் வேறு வைப்பது என்று பெயர். சண்டை போட்டுப் பிரிவதில்லை. நாள் பார்த்து, பால் காய்ச்சிச் செய்கிற காரியம். ஒரு வீட்டில் நாலு மகன்கள் இருந்தால் அஞ்சு அடுப்புப் புகையும்.

பினாங்கில் பிறந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? மாமியார் மருமகளை ஒதுக்கி வைத்துவிட்டார் என்று எழுதிக்கொண்டாள். அதோடு நின்றிருந்தால் மார்க்குதான் குறைந்திருக்கும். மறுநாள் பஸ் ஏறிக் கானாடுகாத்தானில் உமையாளின் பிறந்த வீட்டுக்கே போய், "உங்கள் பெண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அழுகிறார்" என்று சொல்லிவிட்டாள்.

வேறு வைப்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் கையில் நோட்டோடு, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு படித்த பெண் வந்து சொல்லும்போது, இது ஏதோ பெரிய சமாச்சாரம் என்று பதறிவிட்டார்கள். உமையாளின் தகப்பனாரும் சித்தப்பாவும் காரில் போய் இறங்கி, "எங்க புள்ளைய என்ன செஞ்சீக?" என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டார்கள். தெருவே பார்த்தது. விஷயம் இன்னதென்று தெரிந்தபோது இரண்டு பக்கமும் கொட்டிய வார்த்தைகளை அள்ள முடியவில்லை. மாமியார் காலேஜுக்குச் சொல்லியனுப்பினார். ஊரில் எந்த வீடும் அந்தப் பெண்களுக்குக் கதவு திறக்கவில்லை. பேராசிரியை இந்திராணியைக் கூப்பிட்டு, "அந்த வீடு உன்னை மறுபடி உள்ளே விட்டால்தான் களப்பணியில் தேற முடியும். இல்லையென்றால் ஒரு வருடம் போகும்" என்றார்.

இதையெல்லாம் எனக்கு எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "உங்கள் ஊரைப் பற்றி என்னிடம் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை, அப்பா?"

சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. வேண்டாம் என்று விட்டு வந்த ஊரைப் பற்றிப் பிள்ளைக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

பாக்கியம் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஒரு வருசம் போனா ஆஸ்பத்திரி வேலை போயிரும்ல?" என்றாள்.

"போயிரும்."

"அப்புறம் அவ எதுக்கு இங்கிட்டு வரப்போறா? நீங்க போய்ப் பேசிக் கூட்டிக்கிட்டு வாங்க."

மூன்று மாத அனுமதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினேன். அப்போதுதான் அந்த மலாய் இளைஞனிடம் மகளைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னது.

4

மாமியாரைக் கிழவி என்று நினைத்துக்கொண்டு போனேன். என்னைவிட இளையவர். நாற்பத்தைந்து இருக்கும். முற்றத்து வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்திராணி எனக்குப் பின்னால், நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"யாரு?"

"கண்டரமாணிக்கம் ஆசாரி வீட்டு ஆளு, ஆச்சி. பினாங்குலேருந்து வாரேன். அந்தப் படிக்கிற புள்ளைக்கு அப்பன்."

"அட, ஆபீசரம்மாவுக்கு அப்பாவா? வாங்க, வாங்க. விட்டுப்போன அடுப்ப எண்ண வந்தீகளா? மொத்தம் ரெண்டு. விருந்தாளி வந்தா முத்தத்துல கோட்டை அடுப்பு ஒண்ணு போடுவோம், அதையும் சேத்து எழுதிக்கிடுங்க."

"தெரியாமச் செஞ்சிருச்சு ஆச்சி. அக்கரையில பொறந்த புள்ள."

"அக்கரையில பொறந்தா? எங்க வீட்டு ஆம்பளைக பாதிப் பேரு அக்கரையிலதான் கெடந்தாக. யாரும் வந்து அடுத்த வீட்டு அடுப்பங்கரையில நின்னு அழுகைய எண்ணலையே. அடுத்தவுக வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு அந்தப் படிப்புல சொல்லிக் குடுக்க மாட்டாகளா?"

"அதுக்குத்தான் ரெண்டு வருசம் படிக்குதாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "அப்ப மொத வருசம் என்ன படிச்சாளாம்?" என்றார். காரியம் பழுத்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே வந்து மன்னிப்புக் கேள் என்று இந்திராணிக்குக் கையைக் காட்டினேன்.

வந்தாள். "உமையாள் பொறந்த வீட்டுக்கு நான் போனது தப்பு ஆச்சி. மன்னிச்சுக்குங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அவங்க அழுதாங்க. அத நான் தப்பாப் பாக்கல" என்றாள்.

பட்டம், ஆஸ்பத்திரி வேலை, பினாங்கு, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று என்று நினைத்தேன். "பேசாம இரு" என்று அதட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. ஆச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆச்சி உள்ளே திரும்பி, "ஏத்தா உமையா, இங்குட்டு வா" என்று கூப்பிட்டார்.

அந்தப் பெண் கையில் கரண்டியோடு வந்து நின்றது. பதினெட்டு வயது இருக்கும்.

"நீ அழுதியா?"

அந்தப் பெண் கரண்டியைக் கை மாற்றிப் பிடித்தது.

"கேக்குறேன்ல. அடுப்பு மூட்டத் தெரியலையா? சாமான் பத்தலையா? எம் மாமியா என்னைய வேறு வச்சப்ப, மொளகா எத்தன போடுறதுன்னுகூடத் தெரியாது எனக்கு. நீ நல்லாத்தானே ஆக்குற?"

"ஆக்குறதுக்கு என்ன அயித்தை" என்றது அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆக்குனத வச்சுக்கிட்டு ஒத்தையில உக்கார முடியல. எங்க வீட்டுல பதினோரு பேரு."

ஆச்சியின் முகம் போன போக்கு எனக்கு நினைவிருக்கிறது. கோபம்தான். ஆனால் யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம்.

"இத எங்கிட்டச் சொல்லுறதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கத்தினார். பிறகு குரலை இறக்கி, "அடுப்பு ரெண்டுதான். அதுல மாத்தமில்ல. ஆக்குறது வேற, திங்கிறது வேற. இனிமே உன் எலையத் தூக்கிக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காரு" என்றார்.

பிறகு இந்திராணியிடம் திரும்பினார். "நீ பஸ்ஸுக்குக் காசு குடுத்துக் கானாடுகாத்தான் போன. பத்தடியில நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? அவ அழுகுறது உனக்குத் தெரிஞ்சுச்சு. நான் அங்க இருக்குறது தெரியல."

இந்திராணிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. ஆச்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. "உங்க டீச்சரம்மாட்டச் சொல்லு, நாளைக்கு வரச் சொன்னேன்னு. வரும்போது நோட்ட வெளிய வச்சுட்டு வா."

5

எல்லாம் சுபம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இனி பரீட்சை எழுதுவாள், பட்டம் வாங்குவாள், கப்பல் ஏறுவாள்.

பொங்கல் வந்தது. உமையாளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பானையும் கரும்பும் வந்தன. கொண்டு வந்தது கார் டிரைவர். திண்ணையில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். தகப்பனார் வரவில்லை. வாசலில் நின்று பேசிய பேச்சுக்கு இவர்களும் அழைக்கவில்லை, அவர்களும் வரவில்லை. பெண்ணும் மாமியாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், சம்பந்திகள் பேச்சு நின்றது நின்றதுதான். இந்திராணி இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்தாள். ஆச்சி, "அவுக வந்தா வரட்டும்" என்பார். கானாடுகாத்தானில், "கூப்புட்டா வாரோம்" என்பார்கள்.

என் அனுமதி முடியும் நேரம் வந்தது. காரைக்குடி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தாள். வண்டி வரத் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"ரிசல்ட் வந்ததும் தந்தி அடி. டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

"நான் வரலப்பா."

"எங்க வரல?"

"பினாங்குக்கு. இங்கயே வேலை இருக்கு. மாதர் சங்கத்துல கேட்டிருக்காங்க. நான் ஒடச்சத அப்படியே போட்டுட்டு வர முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. "ஒடஞ்சதெல்லாம் ஒட்டுற வரைக்கும் நிக்கணும்னா மனுசன் எங்கயும் போக முடியாது. நான் அப்படி நின்னிருந்தா ரங்கூன்லயே செத்திருப்பேன்."

"நீங்க போனீங்கப்பா. நல்லாவும் இருந்தீங்க. என்னால முடியல."

"ஆத்தாளுக்கு என்ன சொல்றது? அங்க ஒருத்தி ரூமத் தொடச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "என்னை வேறு வச்சுட்டதா நெனச்சுக்குங்கப்பா" என்றாள்.

"வேறு வச்சாலும் ஒரே வீட்டுக்குள்ளதாண்டி வைப்பாக. நடுவுல கடல வைக்க மாட்டாக."

"கடல நான் வைக்கலையேப்பா" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. நேமத்தான்பட்டியில் ஆச்சியைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்துக்கொண்டு, உள்ளதைச் சொன்னாள். வண்டி வந்தது. பெட்டியை அவள்தான் தூக்கி உள்ளே வைத்தாள்.

6

பரீட்சையில் தேறிவிட்டாள். தந்தி வந்த அன்று பாக்கியம் சந்தையில் கறுப்பு அரிசி வாங்கித் தேங்காய்ப்பால் விட்டு இனிப்புச் செய்தாள். எங்கள் பக்கத்தில் கவுனி அரிசி என்போம். இங்கே மலாய்க்காரர்களும் அதையே காய்ச்சிக் குடிக்கிறார்கள். தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள்:

"ஊரை விட்டு ஓடியாந்தீக. மக அந்த ஊருக்கே ஓடிப்போயிட்டா. கணக்கு நேராயிருச்சு."

ஆஸ்பத்திரி வேலைக்கு வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள். முதலாளி இப்போதும் கேட்கிறார், மகள் எப்போது வருகிறாள் என்று. "இரண்டாம் வருடப் பாடம் இன்னும் முடியவில்லை தவுக்கே" என்று சொல்லிவிடுகிறேன்.

சம்பந்திகள் இன்னும் பேசவில்லை. உமையாளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். குழந்தை பிறந்தால் ஏதாவது நடக்கும் என்று இந்திராணி எழுதுகிறாள். நடக்காமலும் போகலாம். அவளும் அதை அறிவாள். காலையில் ஒரு ஆளுக்குச் சமைத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு போகிறாளாம். மத்தியானம் ஊர் ஊராக எந்த வீட்டில் வேலையோ அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதாம். ராத்திரி மட்டும் தனியாக.

இங்கே நான் பட்டறையிலிருந்து வரும்போது பாக்கியம் சாப்பிட்டு முடித்திருப்பாள். என் சோறு மூடியிருக்கும். இருபது வருடமாக அப்படித்தான். அந்த ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. எங்கள் அடுப்பு ஒன்றுதான், சாப்பாடு வேறு வேறு. ஒரு நாள், எனக்காகக் காத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "என்னைக்காவது நேரத்துக்கு வந்திருக்கீகளா?" என்றாள். இப்போது வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறேன். அவளும் காத்திருக்கிறாள். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. மூன்றாவது தட்டை எடுப்பதும், பிறகு உள்ளே வைப்பதும் அவளுக்கு இன்னும் விடவில்லை.

பெஞ்சில் நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த இளைஞன் என்னைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்கள் பாச்சிக். இந்தத் தடவையும் மகளைக் கூட்டி வரவா?"

"இல்லை. அவள் வர மாட்டாள்."

"பிறகு எதற்கு?"

"சாப்பிட" என்றேன். "நானும் என் மனைவியும்."

அவன் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முத்திரை குத்தி, இரண்டு தாளாகக் கொடுத்தான்.